புதுப்பிப்பு: கொயோட்டிக்கு .223 துப்பாக்கி போதுமா என்று கேட்டிருந்தேனே

மேற்கு டெக்சாஸில் நண்பரின் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளைக் கொயோட்டி (ஓநாய் இனத்துச் சின்னக் காட்டு விலங்கு) தூக்குகிறது, .223 ரக ரைஃபிள் வாங்கவா, அதைவிடப் பெரிய தோட்டா போடும் .243 வாங்கவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கடைசியில் .223 ரெமிங்டன் போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் வகை) துப்பாக்கிதான் வாங்கினேன். அங்கே கொயோட்டி பெரும்பாலும் 15 கிலோ கூடத் தேறாது, அதற்கு .243 அதிகம், உதையும் கூடுதல். ஆனால் காற்றடிக்கும் வெட்டவெளியில் 300 கெஜம் தாண்டிச் சுடுபவர்களுக்கு .243தான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

தோட்டாவில்தான் சறுக்கினேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று எஃப்.எம்.ஜே. (முழுக்க உலோக உறை போட்ட குண்டு) எடுத்துப் போனேன், அது உள்ளே விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விட, அடிபட்ட விலங்கு புதருக்குள் ஓடி, இருட்டும்வரை ரத்தத் துளிகளைத் தேடிக்கொண்டே நடந்தோம். மனசே சரியில்லை.

அப்புறம் பிளாஸ்டிக் முனை வைத்த, உள்ளே போனதும் விரியும் 55 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 3.6 கிராம்) தோட்டாவுக்கு மாறி, 200 கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்ய உட்கார்ந்தால், முதல் மூன்று குண்டும் அட்டையில் கண்டபடி சிதறின. துப்பாக்கியைத் திட்டிவிட்டுப் பார்த்தால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வளையத்தில் ஒரு திருகு லூஸ்! சனிக்கிழமை விடியற்காலை 140 கெஜத்தில் ஒரே குண்டு, கொயோட்டி நின்ற இடத்திலேயே விழுந்தது. குட்டிகள் இப்போதும் ராத்திரி கொட்டகைக்குள்தான்.