கணினித் துறைக்கு விரிவுரையாளர் எடுக்கிறோம்: கட்டுரையைப் பார்ப்பதா, வகுப்பைப் பார்ப்பதா?

குளுகோர்வாசி:
வணக்கம். பினாங்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பத்து வருஷமாகக் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். இந்த முறை நேர்முகத் தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். செப்டம்பர் இன்டேக்குக்கு முன் இரண்டு பேர் வேண்டும். முதல் வருஷ நிரலாக்கத்துக்கு ஒருவர், இணையப் பாதுகாப்புக்கு ஒருவர்.

நிரலாக்கத்துக்குக் கடைசியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் பிஎச்டி, முப்பதுக்கு மேல் ஆய்வுக் கட்டுரைகள். மற்றவர் மாஸ்டர்ஸ், கட்டுரை இரண்டுதான். இருவரையும் ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் (நிரல் துண்டு) தன்னையே மறுபடி அழைப்பது, பற்றி இருபது நிமிடம் நடத்தச் சொன்னோம். எங்கள் மாணவர்கள் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்திருந்தோம்.

முன்னவர் ஸ்லைடைப் படித்துக்கொண்டே போனார். ஒரு கை கூட உயரவில்லை. அடுத்தவர் ஸ்லைடே போடவில்லை. முந்தின இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபோனாச்சி வரிசையில் ஐந்தாவது எண்ணைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை வெள்ளைப் பலகையில் மரமாக வரைந்தார். மார்க்கரைப் பின்வரிசைப் பையன் ஒருவனிடம் கொடுத்து, "எது எத்தனை தடவை வருது, எண்ணுங்க" என்றார். மொத்தம் 15 அழைப்புகள். அதில் இரண்டாவது எண் மட்டும் 3 தடவை. எண்ணி முடித்தவன் திரும்பி, "சார், ஒரு தடவை கண்டுபிடிச்சதை எழுதி வச்சுக்கிட்டா மறுபடி போட வேணாமே?" என்றான். மெமோய்சேஷன் என்ற பேரே தெரியாத பையன்! இத்தனை வருஷமாக அந்த வாக்கியத்தை வகுப்பில் நான்தான் சொல்லி வந்திருக்கிறேன், ஒரு மாணவன் சொல்லிக் கேட்டதில்லை.

குழுவில் மற்ற மூவரும் கட்டுரை எண்ணிக்கைப் பக்கம் சாய்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்லிப் பேசலாம்?

செந்தூல் வாத்தியார்:
தம்பி, கோலாலம்பூரில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதலில் விதியைச் சொல்லுங்கள். இளங்கலைக்குப் பாடம் நடத்த முதுகலை இருந்தால் போதும் என்பதுதான் மலேசியத் தகுதி முகமை எம்க்யூஏயின் பொதுவான நிலை. தகுதியில்லாதவரை எடுக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. மலாயாப் பல்கலைக்கழகமும் உங்கள் ஊர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் (யுஎஸ்எம்) 2006-இல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றவை. அங்கே கட்டுரைக்குக் கனம் அதிகம், அது சரிதான். உங்கள் வேலை முதல் வருஷப் பிள்ளைகளுக்கு லூப் புரிய வைப்பது.

நாங்களும் ஒருமுறை கட்டுரையை எண்ணியே ஒருவரை எடுத்தோம். இரண்டாம் செமஸ்டரில் அவர் வகுப்பில் பாதி நாற்காலி காலி. அந்தப் பிள்ளைகளில் சிலர் துறையையே மாற்றிக்கொண்டு போனார்கள். குழுவில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

ஆனாலும் அந்த பிஎச்டிக்காரரை ஸ்லைடை வைத்து மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். பதற்றமாகக்கூட இருந்திருக்கும். அவருடைய சிறந்த கட்டுரை ஒன்றை, ஸ்லைடு இல்லாமல், பலகையில் விளக்கச் சொல்லிப் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் மலர்:
அண்ணா, இணையப் பாதுகாப்பு இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதுதான் கஷ்டம். 1972-இல் இன்டெல் இங்கே வந்ததிலிருந்து இந்தப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைதான் நம் ஊர்ப் பொறியாளர்களை இழுத்துக்கொள்கிறது. சம்பளத்தில் நீங்கள் போட்டி போட முடியாது. அப்புறம், இங்கே பதினைந்து வருஷ அனுபவம் உள்ள பலரிடம் இளங்கலைதான் இருக்கிறது. முழுநேர விரிவுரையாளராக எடுக்கப் பட்டம் இடிக்கும். பகுதிநேரமாக, வாரம் ஒரு சாயங்காலம், லேப் நடத்தக் கேளுங்கள். என் டீமிலேயே இரண்டு பேர் சந்தோஷமாக வருவார்கள்.

முழுநேரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் முதல் கடிதத்திலேயே சம்பளத்தையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்பதையும் எழுதுங்கள். எனக்குப் பாடம் நடத்த அவ்வளவு ஆசை. சில வருஷத்துக்கு முன் ஓரிடத்தில் விண்ணப்பித்தேன். நாலு மாதம் பதிலே இல்லை. கூப்பிட்டுச் சம்பளம் சொன்னபோது வேறிடத்தில் கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது.

குளுகோர்வாசி:
வாத்தியார் ஐயாவுக்கும் மலருக்கும் நன்றி. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டுத் தாள் தயார் செய்து டீனிடம் கொடுத்துவிட்டேன், ஒப்புக்கொண்டார். பாதுகாப்பு விளம்பரத்தில் சம்பளமும் வகுப்பு நேரமும் சேர்த்தாயிற்று. மலர், அந்த இருவரையும் எனக்குத் தனிமடலில் எழுதச் சொல்லுங்கள்.

பிஎச்டிக்காரரைப் புதன்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டிருக்கிறோம். பலகையும் மார்க்கரும் மட்டும். அதே பன்னிரண்டு பேரும் வருகிறார்கள்.