பகல் தூக்கத்துக்கு எந்த இரைச்சல்? ஒயிட், பிங்க், பிரவுன்

மூன்று வருடமாக எனக்கு நைட் ஷிஃப்ட். காலை எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணி வரையாவது தூங்க வேண்டும். ஒன்பதரைக்கு ஸ்பீக்கர் கட்டிய பழைய பேப்பர் வண்டி வரும். அது போனதும் வெங்காய வண்டி. இரண்டிலும் பதிவு செய்த குரல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்.

அந்தச் சத்தத்தை மறைக்க முதலில் ஒயிட் நாய்ஸ் போட்டேன். சேனல் வராத பழைய டிவியில் கேட்குமே, அந்த 'ஸ்ஸ்ஸ்'. வண்டிச் சத்தம் அமுங்கியது, ஆனால் அரை மணியில் நெற்றிப்பொட்டு வலித்தது. ஒயிட் நாய்ஸில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் கூடக்கூடச் சத்தம் கீச்சென்று இருக்கும்) ஒரே ஆற்றல். நம் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்றால், மொத்த ஆற்றலில் பாதி 10,000-க்கு மேலேதான் இருக்கிறது. கூசாமல் என்ன செய்யும்?

அடுத்து, எல்லோரும் புகழ்கிற பிரவுன் நாய்ஸ். ஹெட்போனில் கேட்டதும் மனசு அடங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருக்கும்போது வெளியே கொட்டும் மழை மாதிரி. கண் சொருகும் நேரத்தில் வெங்காய வண்டி வந்தது. கிலோ என்ன விலை என்பதுவரை தெளிவாகக் கேட்டது! பிரவுனில் ஒவ்வொரு ஆக்டேவ் ஏறும்போதும், அதாவது ஹெர்ட்ஸ் இரண்டு மடங்காகும்போதெல்லாம், 6 டெசிபல் இறங்கும். 100 ஹெர்ட்ஸில் இருக்கும் வலு 3,200-க்குப் போகும்போது ஆயிரத்தில் ஒரு பங்குதான். பேச்சில் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துச் சத்தங்களில் பல 2,000-க்கு மேலேதான் இருக்கின்றன. அந்த இடத்தை பிரவுன் மூடவே இல்லை.

பிங்க் ஆக்டேவுக்கு 3 டெசிபல்தான் இறங்கும். இப்போது அதுதான் போடுகிறேன், ஸ்பீக்கரை ஜன்னலோரம் வைத்து. குரல் வருவது தெரிகிறது, என்ன சொல்கிறது என்று புரிவதில்லை. அது போதும், தூங்கிவிடுகிறேன். எது இதமாக இருக்கிறது என்பதைவிட எந்தச் சத்தத்தை மறைக்க வேண்டும் என்று முதலில் பாருங்கள். உங்களுக்கெல்லாம் எப்படி?

* * *

நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். பிங்க் நாய்ஸ் எங்களுக்கு அன்றாடக் கருவி. எல்லா ஆக்டேவிலும் ஒரே ஆற்றல் இருப்பதால், மண்டபத்தில் அதைப் போட்டு அனலைசரை (ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியின் அளவையும் ஒரு கம்பமாகக் காட்டும் கருவி) பார்த்தால் எந்தப் பகுதி தூக்குகிறது என்று உடனே தெரியும். போன மாதம் ஒரு கல்யாண மண்டபம், சுவரெல்லாம் டைல்ஸ். 315 ஹெர்ட்ஸ் கம்பம் மட்டும் மேலே முட்டிக்கொண்டு நின்றது. ஈக்வலைசரில் அந்த ஒரு நாபை இறக்கியதும் மைக்கில் இருந்த கூவல் அடங்கியது. முகூர்த்தத்துக்குக் கூட்டம் நிறைந்ததும் மேல் சுருதி மங்கிப்போனது. ஆட்களும் துணிமணியும் அதை உறிஞ்சிவிடும். கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன்.

ஒரு விஷயம்: பிரவுன் நாய்ஸை மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வராது. அப்புறம், பிரவுன் என்பது நிறத்தின் பெயர் இல்லை. மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் தள்ளாடுவதை 1827-இல் கவனித்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் பெயர் அது.

* * *

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் மகளுக்கு ஒயிட் நாய்ஸ் மெஷின் வாங்கி, தூளிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுவாள், எனக்கு அத்தனை நிம்மதி. ஒருநாள் போனில் அளந்து பார்த்தேன், 68 டெசிபல் காட்டியது. போன் அளவு துல்லியமில்லைதான், ஆனாலும் பயந்துவிட்டேன். 2014-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வில் இப்படிப்பட்ட 14 கருவிகளைச் சோதித்தார்கள். முழு சத்தத்தில் 30 செ.மீ. தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் இருக்கும் அறைக்குச் சொல்லும் வரம்பு 50. மெஷினை அறையின் எதிர்மூலைக்கு மாற்றி, சத்தத்தைப் பாதியாக்கினோம். இப்போது தூங்க ஐந்து நிமிஷம் ஆகிறது, அவ்வளவுதான்.

* * *

எனக்கு வலது காதில் ஓயாத விசில், ஏழு வருடமாக. பிரவுன் துளியும் உதவவில்லை. என் விசில் மேல் சுருதியில் இருக்கிறது. ஒயிட் நாய்ஸ்தான் அதைத் தொடுகிறது. ஆனால் ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) சொன்னதைக் கேட்ட பிறகுதான் பலன் தெரிந்தது: விசிலை முழுசாக மூழ்கடிக்காதீர்கள், இரண்டும் கலந்து கேட்கும் அளவில் வையுங்கள், அப்போதுதான் மூளை அதற்குப் பழகும் என்றார். நாலைந்து மாதம் பொறுமையாக அப்படியே செய்தேன். விசில் போகவில்லை. ஆனால் நேற்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான், காலையிலிருந்து அதை நினைக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.