புதுப்பிப்பு: எங்கள் சபைப் பெரியவர்களை நினைவுகூர்ந்தது

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சமீப வருடங்களில் இறந்துபோன முதியவர்களை எப்படி நினைவுகூரலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? நவம்பர் 2, கல்லறைத் திருநாள் ஆராதனையிலேயே செய்துவிட்டோம்.

பெயர்களைக் கல்வெட்டில் பொறிக்கும் யோசனையை விட்டாயிற்று. அதில் பணம் கொடுத்தவர் பெயர்தான் பெரிதாக வரும். பதிலாக, ஐயர் (எங்கள் சபைப் போதகர்) அடக்கப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்தவர் எழுந்து இரண்டு வரி சொல்வதாக ஏற்பாடு.

இரண்டு வரியாம். யார் கேட்டார்கள்! பிடியரிசி வாங்க வரும் பாட்டியின் முறை வந்ததும் பெண்கள் பக்கம் ஒரே பேச்சு. சோறு பொங்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் பழையது. அதை வீடு வீடாகப் போய் வாங்கிவந்தவர் அவர். கஷ்டப்படும் வீடுகளின் பங்குக்குத் தன் அரிசியையே போட்டுவிடுவாராம். மகளுக்கே அன்றுதான் தெரிந்தது.

கீர்த்தனையை ஆர்கனுக்கு முன்னாலேயே பாடி முடித்துவிடும் தாத்தாவைச் சொன்னபோது ஐயரும் சிரித்துவிட்டார். கொரோனா காலத்தில், 2020, 2021-இல், நாலைந்து பேரோடு அடக்கம் நடந்த குடும்பங்கள்தான் அதிகம் அழுதன. இறந்தவர்களுக்காகச் சபையாகக் கூடி நின்றது அவர்களுக்கு இதுவே முதல்முறை.

முன்பு கேட்டபோது, இப்போது இருக்கிற பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யச் சொன்னவருக்கு நன்றி. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் போனிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடம் மைக் செட்காரரிடம் ஒரு மணி நேரம் கூட்டியே சொல்ல வேண்டும்.