பெங்களூரின் பழைய காப்பிக் கடைகளில் எது எதற்கு ஏற்றது?

கேள்வி (பசவனகுடி புதியவர்):
வேலை நிமித்தமாகப் பெங்களூருக்குக் குடிவந்துள்ளேன். ஊர்தோறும் கிளை பரப்பிய நிறுவனங்களை விடுத்து, இந்நகருக்கே உரிய காப்பிக் கடைகளைச் சுவையையும் அமர்வு வசதியையும் வைத்து ஒப்பிட்டுக் கூற இயலுமா? சிக்கரி மிகுந்த காப்பி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மறுமொழி (தெற்கு பெங்களூர்க்காரன்):
சங்கரபுரத்தில் 1965 முதல் இயங்கும் பிராமின்ஸ் காப்பி பாரில் நின்றபடியேதான் பருக வேண்டும். இட்லிக்குச் சாம்பாரும் கிடையாது, சட்னி மட்டுமே. ஆயினும் காலை நேரக் காப்பிக்கு என் முதல் தேர்வு அதுவே. காந்தி பஜாரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனில் கூட்டம் காத்திருப்பது தோசைக்காகவே என்பதால், காப்பிக்கென்று மட்டும் அவ்வரிசையில் நிற்பது வீண்.

மறுமொழி (சர்ச் தெரு வாசகர்):
நெடுநேரம் அமர்ந்து உரையாட விரும்பினால், 2009இல் எம்.ஜி. சாலையிலிருந்து சர்ச் தெருவுக்கு இடம்பெயர்ந்த இந்தியன் காப்பி ஹவுஸுக்குச் செல்லுங்கள். தொழிலாளர் கூட்டுறவுகள் இதே பெயரில் பல ஊர்களிலும் கடை நடத்துவதால், இந்நகருக்கே உரியது என்ற தங்கள் வரையறைக்குள் அது அடங்குமா என்று சிலர் வாதிடக்கூடும். சுவையில் சுமார்தான், சூழலுக்காகப் பரிந்துரைக்கிறேன்.

மறுமொழி (காப்பித்தூள் பிரியர்):
காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பதே விதியாதலால், சிக்கரி 49 விழுக்காடு வரை இருக்கலாம். உணவகத்தில் 'ஸ்ட்ராங்' என்று கேட்டால் டிகாஷன் கூடும். அதனோடு சிக்கரியும் கூடும். ஆகவே தாங்கள் சிக்கரி சேர்க்காத தூளை அரைத்து வாங்குவதோ, சிக்மகளூர்த் தோட்டக் கொட்டைகளைத் தாமே வறுக்கும் புதிய கடைகளை நாடுவதோ நல்லது.