போட்டோல முகமெல்லாம் அப்பளமா அகலுது – டாவின்சி ரிசால்வ் (வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்), உதவி வேணும்

செங்கோட்டைத் தம்பி:
புதன்கிழமை கேரளா புனலூர் மண்டபத்துல ரிசப்ஷன். ஸ்லைடு ஷோவுக்கு 140 போட்டோ, எல்லாம் போன்ல எடுத்தது, 4000×3000. டைம்லைன் 1920×1080. முதல்ல ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்துச்சு. செட்டிங்ஸ்ல எதையோ மாத்தினேன், பட்டை போச்சு. இப்ப மாப்பிள்ளை முகம் அப்பளம் மாதிரி இருக்கு.

புளியரை அண்ணாச்சி:
புரொஜக்ட் செட்டிங்ஸ், இமேஜ் ஸ்கேலிங், 'மிஸ்மேட்ச்டு ரெசல்யூஷன் ஃபைல்ஸ்' பாருங்க தம்பி. 'ஸ்ட்ரெட்ச்'ல நிக்கும். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தா மூணுல ஒரு பங்கு அகலம் கூடத்தான் செய்யும். 'ஸ்கேல் என்டயர் இமேஜ் டு ஃபிட்'டுக்கு மாத்துங்க. படம் 1440×1080 ஆகும், பக்கத்துக்கு 240 பிக்சல் பட்டை திரும்ப வரும்.

பட்டையை மறைக்க அதே போட்டோவை வி1-ல (கீழ் வீடியோ டிராக்) ஒண்ணு, வி2-ல (மேல் டிராக்) ஒண்ணு போடுங்க. வி1-ஐ மட்டும் இன்ஸ்பெக்டர்ல ஸ்கேலிங் 'ஃபில்' ஆக்கி, காஸியன் பிளர் (மங்கலாக்குற எஃபெக்ட்) கொடுங்க. எல்லாத்தையும் 'ஃபில்' பண்ணிட்டா மேலயும் கீழயும் 180 பிக்சல் வெட்டுப்படும். குரூப் போட்டோன்னா பின் வரிசைக்காரங்க தலை போயிடும்.

செங்கோட்டைத் தம்பி:
சரியாயிடுச்சு அண்ணாச்சி! ஆனா மண்டபத்து எல்.இ.டி. சுவர்ல போட்டுப் பாத்தா இப்ப முகம் நெட்டையா தெரியுது. லேப்டாப்ல சரியா இருக்கு.

பண்பொழி எடிட்டர்:
சுவர் அளவு என்ன? ஆப்பரேட்டர் சேட்டன்கிட்ட 'எத்ர (எத்தனை) பிக்சல்'னு கேளுங்க, அடி கணக்கு வேண்டாம்.

செங்கோட்டைத் தம்பி:
3 மீட்டருக்கு 2 மீட்டர். 768×512னு சொன்னார்.

பண்பொழி எடிட்டர்:
அப்ப அரை மீட்டர் பேனல், ஒண்ணுக்கு 128×128, 6-க்கு 4 அடுக்கியிருக்கு. சுவரே 3:2. நீங்க அனுப்புற 16:9 படத்தை பிராசசர் (சுவருக்குப் படத்தை அனுப்புற பெட்டி) நெருக்கி உள்ள அடைக்குது, அதான் நெட்டை. நீங்க 3:2-ல எக்ஸ்போர்ட் பண்ணினா மட்டும் தீராது. லேப்டாப் எச்.டி.எம்.ஐ.-ல எப்படியும் 1920×1080-தான் போகும், ஓரத்துல பட்டையோட சேர்த்து நெருக்கும்.

டைம்லைனை 1620×1080 ஆக்குங்க. ரெசல்யூஷனைப் பாதியில மாத்தலாம், பிரேம் ரேட்டைத்தான் மாத்த விடாது. அப்புறம் சேட்டன்கிட்ட பிராசசர்ல இன்புட்டை இடம் 150, வலம் 150 க்ராப் பண்ணச் சொல்லுங்க. அவர் செட்டிங்ஸைத் தொட மாட்டேன்னா, அந்த 1620×1080 ஃபைலை 1920×1080 புரொஜக்ட்ல போட்டு 'ஸ்ட்ரெட்ச்' குடுத்து எக்ஸ்போர்ட் பண்ணுங்க. லேப்டாப்ல குண்டா தெரியும், பயப்படாதீங்க. சுவர்ல சரியாயிடும்.

இன்னொண்ணு, 3:2-ல 4:3 போட்டோவை 'ஃபில்' பண்ணினா மேல 67, கீழ 67 பிக்சல்தான் போகும். முக்காவாசி போட்டோவுக்கு பிளரே வேண்டியிருக்காது.

புளியரை அண்ணாச்சி:
முகத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. முதல் ஸ்லைடா கறுப்புல ஒரு வெள்ளை வட்டம் போட்டு, சுவர்ல டேப் வச்சு அகலம், உயரம் ரெண்டையும் அளங்க.

செங்கோட்டைத் தம்பி:
சேட்டன் க்ராப் பண்ணிட்டார். வட்டம் 1 மீட்டருக்கு 1 மீட்டர்.