ஆல்வினை உருவாக்கியது டேப் ரெக்கார்டரா, பாட்டெழுதியவரா?

நாடாச்சுருள்:
ஆல்வின், சைமன், தியோடர் என்ற மூன்று பாடும் அணில்களை (சிப்மங்க்) உருவாக்கி, டேவிட் செவில் என்ற பெயரில் இசைத்தட்டு போட்ட அமெரிக்கர் ராஸ் பாக்தசாரியனைப் பெரிய பாடலாசிரியர் என்று இங்கே கொண்டாடுகிறார்கள். ஒப்ப முடியவில்லை. பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டினால் குரல் ஒரு ஸ்தாயி ஏறும். 1958-இல் 'விட்ச் டாக்டர்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அந்தக் கீச்சுக் குரலால்தான். உத்தியும் புதிதல்ல, 1939-இலேயே 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் மஞ்ச்கின் என்ற குள்ள மனிதர்களின் குரலுக்குச் செய்ததுதான்.

பல்லவி:
குரல்தான் காரணமென்றால், அதே ஆண்டு அவரே போட்ட 'த பேர்ட் ஆன் மை ஹெட்' ஏன் அந்த உயரத்துக்குப் போகவில்லை? 1959-இல் நட்டி ஸ்குவிரல்ஸ் என்ற போட்டி அணில் குழுவினர் வந்தார்கள். ஜாஸில் கைதேர்ந்தவர்கள், அதே உத்தி, ஒரு பாட்டு நன்றாக ஓடியது. தொலைக்காட்சிக்கும் ஆல்வினுக்கு முன்பே, 1960-இல் போய்விட்டார்கள். இன்று அவர்களை யார் தேடிக் கேட்கிறார்கள்? ஆல்வின் குழுவின் முதல் பாட்டான, 1958 கிறிஸ்துமஸுக்கு வந்த 'த சிப்மங்க் சாங்'கில் இருப்பது நாடகம். டேவ் என்ற கண்டிப்பான ஒரு மனிதர், சொன்னதைக் கேட்கும் இரண்டு அணில்கள், ஹூலா ஹூப் என்ற இடுப்பு வளையம் வேண்டுமென்று அடம்பிடிக்கும் மூன்றாமவன் ஆல்வின். நான்கு குரலும் பாக்தசாரியனுடையதே. 1951-இல் ரோஸ்மேரி க்ளூனி பாடிப் புகழ்பெற்ற 'கம் ஆனா மை ஹவுஸ்' பாட்டையும் உறவினர் வில்லியம் சரோயனோடு சேர்ந்து எழுதியவர் இவர்தான். அப்போது எந்த டேப் வித்தையும் இல்லையே.

நாடாச்சுருள்:
அது ஆர்மேனிய நாட்டுப்புற மெட்டைத் தழுவியது. 1959-இல் நடந்த முதல் கிராமி விழாவில் 'சிப்மங்க் சாங்' வாங்கிய மூன்று விருதுகளில் ஒன்று ஒலிப்பதிவுக்கு, டெட் கீப் என்ற பொறியாளருக்கு. தியோடர் என்ற பெயரே அவரிடமிருந்து எடுத்ததுதான். ஆல்வின், சைமன் என்பவையும் லிபர்ட்டி இசைத்தட்டு நிறுவனத்து ஆல் பென்னட், சை வாரன்கர் பெயர்களிலிருந்து வந்தவை. யாருக்கு நன்றி சொல்கிறார் என்று இதிலேயே தெரிகிறது.

மிக்ஸர்:
ஒலிப்பதிவு இருக்கட்டும், அது பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் காரியமல்ல. செய்து பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னணி இசை நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், விநாடிக்கு 15 அங்குலம் ஓட வேண்டிய நாடாவை 7.5-இல் ஓட்டி, 60 தட்டில், ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும். வேகம் கூட்டிய பின் 4 விநாடி வரும் பாட்டு வரிக்கு, பாடும்போது 8 விநாடி மூச்சு தேவை. இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வரி நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் கூட்டியதும் விக்கல் போலக் கேட்கும். குரல் நடுக்கம் விநாடிக்கு 6 என்றால் 12 ஆகி ஆட்டுக்குட்டி கத்துவது போலிருக்கும், ஆகவே நேர்க்குரலில் பாட வேண்டும். மெய்யெழுத்துகள் பாதியாகச் சுருங்குவதால் மெதுவாக, அழுத்தி உச்சரிக்காவிட்டால் சொல் புரியாது. எதிரொலியை வேகம் கூட்டிய பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பே சேர்த்தால் அதன் வாலும் பாதியாகிவிடும். கணினியில் செய்பவர்கள் 12 அரைச்சுரம் (ஒரு ஸ்தாயி) ஏற்றும்போது, 'ஃபார்மன்ட்' என்ற குரலின் இயல்பான நிறத்தைக் காப்பாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உச்சத்தில் பாடும் பெரிய மனிதர்தான் கேட்பார், அணில் கேட்காது.

இன்னொன்று: மூன்று குரலும் ஒரே வேகம், ஒரே ஆள். சைமன் யார், தியோடர் யார் என்பதை நடிப்பால் மட்டுமே பிரிக்க முடியும்.

பல்லவி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். 1954-இல் 'ரியர் விண்டோ' படத்தில் பியானோவோடு போராடும் இசையமைப்பாளராக நடித்தவர் பாக்தசாரியன்தானே.

நாடாச்சுருள்:
பாத்திரம் அவ்வளவு வலுவென்றால், 1961-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'த ஆல்வின் ஷோ' ஏன் 26 பகுதிகளோடு நின்றது? 1972-இல் அவர் இறந்த பிறகு, மகன் 1980-இல் 'சிப்மங்க் பங்க்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். மற்றவர்களின் பாட்டுகள்தான், ஆனாலும் விற்றது. பாடலாசிரியர் இல்லாமலேயே ஓடியிருக்கிறது!

பல்லவி:
26 பகுதி என்பது இரவு நேர ஒளிபரப்பின் கணக்கு. அதன் பிறகு அதே படங்கள் சனிக்கிழமை காலையில் மறுஒளிபரப்பாகிக் குழந்தைகளைச் சென்று சேர்ந்தன. மகன் எடுத்துக்கொண்டதும் வெறும் வேகக் குரலை அல்ல. 1983-இல் வந்த தொடரிலும் டேவ் "ஆல்வின்!" என்று கத்துகிறார், அவன் காதில் வாங்குவதில்லை. அந்தச் சண்டை 1958-இல் எழுதப்பட்டது. 'விட்ச் டாக்டர்' பாட்டிலேயே சாதாரணக் குரலில் ஒருவர் யோசனை கேட்க, வேகக் குரல் பதில் சொல்லும். அந்த முதல் கிறிஸ்துமஸ் தட்டான 'சிப்மங்க் சாங்'கில் பாட்டு முடிந்த பின் வரும் பேச்சை நீக்கிவிட்டுக் கேளுங்கள், மிஞ்சுவது ஒரு சின்ன வால்ட்ஸ் மட்டுமே.