வெர்மான்ட் மலைப் பாதையில் கூட்ஸ் வண்டி: படம் தேற என்ன வழி?

கூட்ஸ்பிரியன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாஸ்டன் பக்கம் இருக்கிறேன். போன அக்டோபரில் இலை நிறம் மாறும் சமயமாகப் பார்த்து வெர்மான்ட் போய் இரண்டு நாள் தங்கினேன். இலை பார்க்க இல்லை, கூட்ஸ் வண்டி பார்க்க. ரட்லண்டிலிருந்து மலை ஏறி இறங்கி பெல்லோஸ் ஃபால்ஸ் போகும் கிரீன் மவுன்டன் பாதை.

முதல் நாள் கட்டிங்ஸ்வில் பாலத்துக்கு எதிரே காலை 8 மணிக்குப் போய் நின்றேன். மத்தியானம் 3 மணி வரை ஒரு சத்தமும் இல்லை. பசி தாங்காமல் லட்லோ போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், கடைசிப் பெட்டி மரத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது! இரண்டாம் நாள் செஸ்டர் தாண்டி ஒரு கிராசிங்கில் வண்டி கிடைத்தது. ஆனால் படத்தில் முன்விளக்குகள் மூன்றும் வெள்ளைப் பொட்டாக, எஞ்சின் கரிக்கட்டையாக விழுந்திருக்கிறது. அடுத்து எடுத்ததில் எஞ்சினும் சிவப்பு, பின்னால் மரமும் சிவப்பு. வண்டி எங்கே என்று மனைவி கேட்கிறாள்.

நிக்கான் பழைய மாடல், 18–55, 70–300 என்று இரண்டு லென்ஸ். வண்டி எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? விளக்கை வைத்துக்கொண்டு எக்ஸ்போஷர் எப்படி? இந்த அக்டோபரும் போகலாமா, வேறு இடம் பார்க்கலாமா?

ஏழாம்வளைவு:

தம்பி, படித்துவிட்டுச் சிரித்தேன், தப்பாக நினைக்காதீர்கள். அதே பாலத்துக்கு எதிரே நான் தொலைத்த நாட்களைக் கூட்டினால் ஒரு மாதம் தேறும். சாப்பிடப் போன நேரத்தில் வண்டி வருவது எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால்தான் என் காரில் எப்போதும் ரொட்டியும் பழமும் கிடக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளின் மெயின் லைனில் கால் கடுக்க நின்றால் ஏதாவது ஒன்று வந்தே தீரும். இங்கே அப்படி இல்லை. 1961-ல் வேலைநிறுத்தம் வந்து, இங்கே வண்டி விட்டுக்கொண்டிருந்த ரட்லண்ட் ரயில்ரோடு கம்பெனி நின்றுபோனது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. பாதையில் ஒரு பகுதியை மாநில அரசே வாங்கி வைத்தது, 1964-ல் வெர்மான்ட் ரயில்வே அதில் வண்டி விட ஆரம்பித்தது. நீங்கள் போன கிரீன் மவுன்டன் பாதையும் அந்த ரட்லண்டின் மிச்சம்தான். இப்படி மிச்சத்தில் பிழைக்கும் பாதையில் வண்டி ஓடுவது சரக்கைப் பொறுத்தது. பெல்லோஸ் ஃபால்ஸில் நியூ இங்கிலாந்து சென்ட்ரல் என்ற இன்னொரு ரயில் கம்பெனியோடு மாற்றிக்கொள்ளப் பெட்டி இருந்தால் வண்டி. இல்லாவிட்டால் எஞ்சின் யார்டில் தூங்கும். போன வாரம் காலையில் வந்தது இந்த வாரம் ராத்திரி வரும். அதனால் யாராவது "இத்தனை மணிக்கு வரும்" என்று எழுதியிருந்தால் அது எந்த வருஷத்துச் செய்தி என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ரோடு கிராசிங்குக்கும் 15 முதல் 20 நொடி முன்னாலேயே ஹாரன் அடிக்க வேண்டும் என்பது இங்கே மத்திய அரசு விதி. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். போவதற்கு முந்தின ராத்திரி மேப்பை எடுத்து, நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் என்னென்ன கிராசிங், ஒவ்வொன்றும் எத்தனை மைல் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாதிரிப் பாதைகளில் மணிக்கு 25 மைல் சகஜம். தண்டவாளத்தின் தரத்தை வைத்து வேக வரம்பு போடுவார்கள், கிளாஸ் 2 தரத்தில் கூட்ஸுக்கு அதுதான் உச்சம். அதாவது ஒரு மைலுக்கு இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாலு மைலுக்கு அப்பால் ஹாரன் கேட்டால் உங்களிடம் ஒன்பது நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. மலைப் பள்ளத்தாக்கில் காற்று இல்லாத காலையில் அது நன்றாகவே கேட்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, ஒரு விவசாயி. கிழக்கு வாலிங்ஃபோர்ட் பக்கம் அவர் வைக்கோல் வயலின் வேலி ஓரமாக நின்றிருந்தேன். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ரயிலுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "முதல் ஹாரன் கேட்டால் காபி ஊற்றலாம். இரண்டாவது கேட்கும்போது குடித்து முடித்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, வயலுக்குள்ளேயே வந்து நின்றுகொள்ளச் சொன்னார். அன்றைக்கு எடுத்த படத்தில் ஒன்றை அச்சுப்போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது நான் போனால் அவர்தான் முதலில் கை காட்டுகிறார். வேலியைக் கேட்காமல் தாண்டியிருந்தால் இது நடந்திருக்காது.

அடுத்து வெயில். இந்தப் பாதை ரட்லண்டிலிருந்து பொதுவாகத் தென்கிழக்கே ஓடுகிறது. காலையில் சூரியனும் அந்தப் பக்கம்தான். ஆக, காலையில் ரட்லண்டை விட்டு வரும் வண்டிக்கு முகத்தில் வெயில், திரும்பி வரும் வண்டிக்குச் சாயங்காலம் மேற்கே சாய்ந்த வெயில். இந்த இரண்டும் தவறினால் எஞ்சின் முகம் இருட்டுதான், அதற்கு கேமரா ஒன்றும் செய்யாது. உங்கள் கரிக்கட்டைக்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, விளக்கைப் பார்த்து மிரண்டுபோன மீட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி. ஆட்டோவை விட்டுவிடுங்கள். வண்டி வருவதற்கு முன்னாலேயே வெயில் விழும் புல்லை அளந்து மானுவலில் பூட்டிவிடுங்கள். அக்டோபரில் சுத்தமான வெயிலுக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/640 நொடியில் தொடங்கிப் பாருங்கள். 25 மைல் வேகத்தில் வண்டி அந்த நேரத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்தான் நகரும், அதுவும் சாய்வாக உங்களை நோக்கி வருவதால் படத்தில் இன்னும் குறைவாகத் தெரியும். ஃபோகஸையும் வண்டி வரப்போகும் இடத்தில் ஒரு ஸ்லீப்பர் மீது வைத்து நிறுத்திவிடுங்கள்.

எந்த லென்ஸ் என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் இருப்பதே போதும்.

இனி இலை விஷயம். இதைச் சொன்னால் இங்கே என்னை அடிக்க வருவார்கள்: அக்டோபர் இலை கூட்ஸ் வண்டிக்கு எதிரி. வெர்மான்ட் ரயில் எஞ்சின்கள் சிவப்பு. மேப்பிளும் சிவப்பு. ஏற்கெனவே ரோடு முழுக்க கார். போதாததற்கு நல்ல வளைவுகளையெல்லாம் இலை மூடியிருக்கிறது. அக்டோபரில்தான் போக வேண்டும் என்றால் மஞ்சளைத் தேடுங்கள். பிர்ச் மரங்கள் நிற்கும் இடம், அறுவடை முடிந்த வயல், பாலத்துக்கு மேலே வானம், இப்படி. இல்லையென்றால் இலையெல்லாம் கொட்டிவிட்ட நவம்பரில் போங்கள். உள்ளூர்க்காரர்கள் அதைக் குச்சிக் காலம் என்கிறார்கள், சுற்றுலாக்காரன் ஒருத்தன் இருக்கமாட்டான். அந்தக் காலத்தில்தான் மலையின் எலும்பு தெரியும். 103-ம் நம்பர் ரோட்டிலிருந்தே, அக்டோபரில் கண்ணுக்குப் படாத தண்டவாளமெல்லாம் தெரியும்.

என் படங்களில் எனக்கே பிடித்தது அப்படி ஒரு நவம்பரில் எடுத்ததுதான். ராத்திரி ஒரு அங்குலம் பனி பெய்திருந்தது. முதல் ஹாரன் கேட்டு ஆறு நிமிடம் ஆகியிருக்கும். வளைவில் முதலில் விளக்கு வரவில்லை, தண்டவாளத்தின் மேல் ஒரு வெளிச்சக் கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அப்புறம் சிவப்பு மூக்கு. சக்கரத்துக்குக் கீழே பனி மாவு மாதிரி எழும்பி, பின்னால் வரும் டாங்கர்களின் வயிற்றைத் தடவிக்கொண்டு போகிறது. கறுப்பு டாங்கர், அதன் மூடியிலிருந்து சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடுகள். ஃப்ளோரன்ஸில் பளிங்கை அரைத்துக் கூழாக்கி ஏற்றுவார்களே, அந்தச் சரக்காக இருக்கலாம். டிரைவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். நான் பதிலுக்குக் கை காட்டப்போய் கடைசி நாலு ஃப்ரேம் ஆடிப்போனது. பரவாயில்லை.

கருப்புவைரம்:

அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம். இலை எதிரி சிவப்பு எஞ்சினுக்குத்தான், எல்லா எஞ்சினுக்கும் இல்லை. பென்சில்வேனியா வாருங்கள். அங்கே ஓடும் ரீடிங் அண்ட் நார்தர்ன் கம்பெனி எஞ்சின்கள் பச்சையும் மஞ்சளும். இலையுதிர் காலத்தில் லீஹை பள்ளத்தாக்கில் அந்தப் பச்சை எடுப்பாகத் தெரியும்.

இன்னொரு வசதி, அங்கே மாநிலப் பூங்காவின் நடைபாதை ஜிம் தார்ப்பிலிருந்து வொயிட் ஹேவன் வரை 20 மைலுக்கு மேல் ஆற்றோடு போகிறது. தண்டவாளமும் அதே ஆற்றோடுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் யார் நிலத்திலும் கால் வைக்க வேண்டாம். பள்ளத்தாக்கு ஆழம் என்பதால் காலையில் வெயில் கீழே இறங்க நேரமாகும், அதற்கு முன்னால் போய் நின்று குளிரில் நடுங்க வேண்டாம். ஆந்த்ரசைட் நிலக்கரி ஏற்றின பெட்டிகள் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஹாட்பாக்ஸ்:

காதெல்லாம் சரி, 2 மைலுக்கு அந்தப் பக்கம் மலை குறுக்கே இருந்தால் என்ன கேட்கும்? ரேடியோ பேச்சை ஒட்டுக் கேட்கும் ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். ரயில்வே ரேடியோ 160-லிருந்து 161.6 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, சாதாரண ஸ்கேனரிலேயே வரும். சிக்னல் இல்லாத பாதையில் வண்டிக்கு "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை போகலாம்" என்று டிஸ்பாட்சர் (வண்டிகளை எங்கிருந்தோ கட்டுப்படுத்துபவர்) அனுமதியை ரேடியோவில் வாயால்தான் படித்துச் சொல்வார், டிரைவர் பக்கமும் திருப்பிச் சொல்வார்கள். அது காதில் விழுந்தால் மேப் எதற்கு? காரில் ஸ்கேனர் வைக்கும் சட்டம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமாக ஒன்று. முக்காலியைத் தண்டவாளத்துக்கு நடுவில் வைக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வண்டி எப்போதாவதுதான் வரும் பாதை என்பதால்தான் ஆட்கள் அசட்டையாக இருக்கிறார்கள். பாதையும் அதன் இரண்டு ஓரமும் கம்பெனி நிலம். ரோட்டிலிருந்து எடுப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். கிராசிங்கில் ஒரு நீல போர்டு இருக்கும், அதில் போன் நம்பரும் கிராசிங் நம்பரும் இருக்கும். தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடந்தாலோ கார் மாட்டியிருந்தாலோ முதலில் அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள், அப்புறம் படம் எடுக்கலாம்.

ஏழாம்வளைவு:

ஸ்கேனர் என்னிடமும் இருக்கிறது. பேட்டரி தீர்ந்து டாஷ்போர்டில் கிடக்கிறது. அந்த மலைகளுக்கு நடுவே பாதி நேரம் கரகரப்புதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கினாலும் கிராசிங் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நீல போர்டு விஷயத்துக்கு நூறு சதவீதம் ஆமோதிக்கிறேன். ஐரீன் புயலில், 2011 ஆகஸ்ட் 28, இந்தப் பாதைப் பக்கத்து பார்ட்டன்ஸ்வில் மூடுபாலத்தையே, கூரை போட்ட மரப்பாலம் அது, வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது திரும்பக் கட்டினது. அந்த வெள்ளத்தில் இந்தப் பாதையிலும் பல இடத்தில் கீழே மண் இல்லாமல் தண்டவாளம் மட்டும் தொங்கியது. இந்தப் பள்ளத்தாக்கில் மழைக்கு மறுநாள் எது வேண்டுமானாலும் நடக்கும்.

கூட்ஸ்பிரியன்:

மூன்று பேருக்கும் நன்றி. அண்ணா, நவம்பர் மூன்றாவது வாரம் லீவு போட்டாயிற்று. நேற்று ராத்திரி உட்கார்ந்து கட்டிங்ஸ்விலுக்கு இரண்டு பக்கமும் கிராசிங் எழுதினேன், மனைவி எட்டிப் பார்த்துவிட்டு "பரீட்சையா?" என்று கேட்டாள். இன்னும் ஒரு சந்தேகம்: பனி பெய்திருந்தால் அதே 1/640-ஐ வைத்துக்கொள்ளலாமா? பனியைப் பார்த்தும் மீட்டர் மிரளும் என்கிறார்களே?

ஏழாம்வளைவு:

மிரளும். பனியைச் சாம்பல் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். மானுவலில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. வெயில் இருந்தால் அதே அளவில் ஒன்று எடுத்து, பனியில் வெண்மை வெடிக்கிறதா என்று திரையில் பாருங்கள், வெடித்தால் 1/800 வையுங்கள். மேகம் என்றால் ஐஎஸ்ஓ 800 வரை கூசாமல் ஏற்றுங்கள்.

இரண்டாவது பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள். லட்லோ போகாதீர்கள்.